கழித்துப் போட்ட காலைகள்

காற்றை ஆராய்கிறேன் என்று சொன்னால் எங்கள் சர்ச்சில் யாரும் நம்புவதில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது ஒரு மாமா தவறாமல் கேட்பார்: "இன்னும் அந்த ஃபேன் கம்பெனியிலதான் இருக்கியா?" நானும் ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன். பாளையங்கோட்டையில் வாத்தியார் குடும்பத்தில் பிறந்து, கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டு, தலை நரைக்கத் தொடங்கியபிறகு முனைவர் பட்டத்துக்குப் பதிந்தவள் நான். அதற்குமேல் விளக்கினால் மாமாவின் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும்.

ஆனால் இங்கே விளக்கித்தான் ஆக வேண்டும். என்னை ஏமாற்றியது என் ஆராய்ச்சியை வைத்துத்தான். ஏமாற்றியவள் என் கல்லூரி நாள் சிநேகிதி. அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற யோசனையும் இல்லை.

நம் தலைக்குமேல் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் உயரம்வரை இருக்கும் காற்று, தரை சொல்வதைக் கேட்டு நடக்கும் காற்று. வயல் சூடானால் அதுவும் சூடாகி மேலே எழும்பும். தோப்பும் வீடும் குறுக்கே நின்றால் தடுமாறும். தடுமாறிச் சுழன்று, பெரிய சுழல் உடைந்து சின்னதாகி, சின்னது இன்னும் சின்னதாகி அடங்கும். இந்தக் கொந்தளிப்பைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் என் வேலை. சேரன்மகாதேவிக்கும் முக்கூடலுக்கும் நடுவே ஆற்றை ஒட்டிக் கிடக்கும் காற்றைச் சின்னச்சின்னப் பெட்டிகளாக நறுக்கி, ஒவ்வொரு பெட்டியிலும் அடுத்த நொடி என்ன நடக்கும் என்று கணக்குப் போட வேண்டும். பெட்டியைவிடப் பெரிய சுழல்களைக் கணினியே கணக்கிட்டுவிடும். பெட்டிக்குள் அடங்கிப்போகும் குட்டிச் சுழல்கள் அதன் கண்ணில் படாது. அவற்றுக்கு நாமாக ஒரு மதிப்பு வைக்க வேண்டும். மதிப்பு என்பது மரியாதைக்காகச் சொல்வது. குத்துமதிப்பு என்பதுதான் சரி.

கணினிக்குள் ஓடும் காற்று நிஜக் காற்று மாதிரி இருக்கிறதா என்று சரிபார்க்க, நிஜக் காற்றையும் அளக்க வேண்டும். அதைச் சிநேகிதி பார்த்துக்கொண்டாள். அவள் ஆழ்வார்திருநகரிக்காரி. இளங்கலை படிக்கும்போது விடுதியில் இருவருக்கும் ஒரே அறை. என் காய்ச்சலுக்கு அவள் கஞ்சி வாங்கி வந்திருக்கிறாள், அவள் கல்யாணம் நின்றுபோனபோது ஒரு வாரம் நான் அவள் வீட்டில் இருந்திருக்கிறேன். நான் ஆராய்ச்சிக்குப் பதியப்போகிறேன் என்றதும் அவளும் அதே வழிகாட்டியிடம் வந்து சேர்ந்தாள். அவள் வீட்டில் புழங்காத, என்னிடம் கற்றுக்கொண்ட 'ஏட்டி' என்ற அழைப்பை என்னைவிட அழகாகச் சொல்லுவாள்.

அளக்கும் கருவியை ஒரு கம்பத்தின் உச்சியில் வைக்க வேண்டும், கம்பத்துக்குத் திறந்த வயல் வேண்டும். முக்கூடலுக்கு இந்தப் பக்கம் ஊர் ஊராக அலைந்தோம். செல்போன் டவர் என்று பயந்தவர்கள் பாதிப் பேர், செல்போன் டவர் இல்லையா என்று முகம் சுளித்தவர்கள் மீதிப் பேர். கடைசியில் ஒரு கிராமத்தில், வாழையும் நெல்லும் போட்டிருந்த ஒரு பெண் சம்மதித்தார். எங்கள் வயதுதான் இருக்கும். வயல் வேலை முழுவதையும் தனியாகப் பார்த்தார். அவருக்கு இழுப்பு உண்டு. உறிஞ்சும் மருந்துக் குப்பியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் வரப்பில் நடப்பார். வயல்காரம்மா என்றே நாங்கள் சொல்லுவோம்.

வாடகை பற்றிப் பேச்செடுத்தபோது அவர் கையை அசைத்துவிட்டார்.

"எடத்துக்கு ஒண்ணும் வேண்டாம் டீச்சர். கால்வாய்க்கு அங்கன பெரிய அரிசி மில்லு வரப்போவுதுன்னு சொல்லுதாவ. உமியப் போட்டு எரிப்பாவளாம். எனக்கு ஏற்கெனவே மூச்சு இழுக்குது. நாளைக்கு எவனாவது பொகை இந்தப் பக்கம் வராதுன்னு சொன்னாம்னா, நீங்க அளந்து வச்சிருக்கத வச்சு உள்ளதச் சொல்லணும். அது போதும்."

"சொல்லிருவோம்" என்று என் சிநேகிதிதான் முதலில் சொன்னாள். நான் தலையாட்டினேன்.

இரண்டு பிசான சாகுபடியும் இரண்டு கார் சாகுபடியுமாக இரண்டு வருஷம் அந்தக் கம்பம் அங்கே நின்றது. சிநேகிதி வாரம் தவறாமல் வியாழக்கிழமை போய் அளவுகளை எடுத்து வருவாள். கருவியின் விரல் போன்ற கம்பிகளுக்கு நடுவே மைனா உட்கார்ந்தால் எண்கள் கன்னாபின்னாவென்று எகிறும். வயல்காரம்மா ஒரு தகர டப்பாவைக் கம்பத்தடியில் வைத்துக்கொண்டு தட்டித் துரத்துவார். சிநேகிதி கவிச்சி சாப்பிட மாட்டாள் என்று தெரிந்ததும் அவளுக்கென்று ஒரு புதுச் சட்டி வாங்கிவிட்டார். வியாழக்கிழமையானால் அந்தச் சட்டியில் பருப்புக் குழம்பு கொதிக்கும். வேறு யாரையும் அதைத் தொட விடமாட்டார். நான் போகும் நாட்களில் எனக்குக் கருவாடு, அவளுக்கு அந்தச் சட்டிக் குழம்பு. நான்கூடக் கேலி செய்திருக்கிறேன், "ஒனக்கு மட்டும் மாமியார் வீட்டு மரியாதைட்டி" என்று.

இனி என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். மறைத்தால் அவளுக்கும் எனக்கும் வித்தியாசம் இருக்காது.

அளவுகளை அரைமணி அரைமணியாகக் கட்டி, ஒவ்வொரு கட்டுக்கும் தரம் போடுவோம். நல்லது, பரவாயில்லை, கழிவு. காற்று மிகவும் மந்தமாக இருக்கும் அரைமணிகள் பெரும்பாலும் கழிவில் விழும். சுழல் சரியாக உருவாகாத நேரத்தின் அளவை நம்பக்கூடாது என்பது எங்கள் தொழிலில் ஊறிப்போன வழக்கம். ஆனி ஆடியில் மேற்குக் கணவாய் வழியாக வரும் காற்று ஆளையே தள்ளும், அப்போது கழிவுக்கு வேலையே இல்லை. மார்கழி, தை வேறு கதை. விடியற்காலையில் தரை குளிர்ந்து கிடக்கும். அதைத் தொட்ட காற்றும் குளிர்ந்து, கனத்து, அசையாமல் படிந்துவிடும். இருக்கிற சுழல்களும் சுருங்கி என் பெட்டிகளைவிடச் சின்னதாகிவிடும். அந்த நேரத்தை ஓட்டினால் ஒன்று கணினிக் காற்று செத்துப்போகும், இல்லையென்றால் எண்களுக்குப் பைத்தியம் பிடிக்கும். பெட்டியை இன்னும் பொடியாக நறுக்கினால் சரிவரும். ஆனால் ஒரே ஒரு காலையை ஓட்டி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். எனக்கோ ஆய்வேடு கொடுக்கும் கெடு நெருங்கியிருந்தது.

ஆய்வுக்கூடத்தில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். தரம் போடும் கோப்பு அவள் திரையில் இருந்தது.

"ஏட்டி, மார்கழி காலம்பற முழுசையும் தூக்கிட்டா பிசானத்துல என்ன மிஞ்சும்?" என்றாள்.

"மத்தியானம் மிஞ்சும். காத்து அடிக்குத நேரத்தத்தான நாம ஆராயுதோம்."

"அடிக்காம கெடக்குததும் காத்துதான்ட்டி."

"தத்துவம் பேசாத. கழிவுன்னு போடு."

அவள் சிரித்துக்கொண்டே போட்டாள். ஆய்வேட்டின் பின்பகுதியில் ஒரு அடிக்குறிப்பு எழுதினேன்: மந்தக் காற்று நிலவிய அதிகாலை நேரங்கள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. சின்ன எழுத்தில் ஒரே வரி. வயல்காரம்மாவுக்குக் கொடுத்த வாக்கை நினைத்துக் கடைசி அத்தியாயத்தில் கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒரு புகைக்கூண்டை வைத்தும் ஓட்டிக் காட்டியிருந்தேன். பகல் நேரம் மட்டும். வெயிலில் எழும்பும் காற்று புகையை மேலே இழுத்துப்போய்க் கலைத்துவிட்டது. காலை நேரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தேன். பட்டம் வந்தது, கேக் வெட்டினோம், பிறகு என்பது வரவேயில்லை.

சிநேகிதிக்கு உள்ளூரில் வேலை அமையவில்லை. சென்னையில், தொழிற்சாலைகளுக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை தயாரித்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தாள். போனில் பேசும்போதெல்லாம் எங்கள் ஊர்த் தண்ணீர் அங்கே கிடைக்கவில்லை என்று புலம்புவாள். ஒருநாள் அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே, "ஏட்டி, அந்தப் பொகை ஓட்டுன படம் இருக்குல்லா, அதையும் கணக்கையும் அனுப்பேன். ஒரு சின்ன வேலை இருக்கு" என்றாள். அன்று சாயங்காலமே அனுப்பினேன். எதற்கு என்று கேட்கவில்லை. ஒரே அறையில் மூன்று வருஷம் இருந்தவளிடம் எதற்கு என்று கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றியது.

சில மாதம் கழித்து வயல்காரம்மா கூப்பிட்டார். குரலில் அப்படியொரு சந்தோஷம்.

"டீச்சர், மில்லுக்கு அனுமதி குடுக்கதப் பத்தி நாளைக்குக் கருத்துக் கேக்காவளாம், கல்யாண மண்டபத்துல. நோட்டீசுல ஒங்க படத்தத்தான் போட்டிருக்காவ. அன்னைக்குக் கம்ப்யூட்டர்ல காட்டுனியள்ளா, மஞ்சளும் பச்சையுமா, அது. நீங்க சொன்ன மாதிரியே எழுதிட்டியன்னு நான் எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். வந்திருங்க."

எனக்கு அப்போதே காது சிவந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்கு அப்படி. ஆனாலும் மனசு ஒரு சால்ஜாப்பு தேடிக்கொண்டிருந்தது. அவள் என்னிடம் சொல்லாமல் செய்யமாட்டாள், வேறு யாரோ எடுத்துப் போட்டிருப்பார்கள் என்று மறுநாள் ஸ்கூட்டரில் போகும் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மண்டபத்தில் முன்வரிசையில் அவளே உட்கார்ந்திருந்தாள். வயல்காரம்மா என் பக்கத்தில் இருந்தார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்து கையைத் தூக்கி ஆட்டினார். "நம்ம சின்ன டீச்சருல்லா அது. வந்துட்டாவளே" என்றார். அவள் திரும்பிப் பார்த்தாள், பார்த்த வேகத்திலேயே திரும்பிக்கொண்டாள். பேச விரும்புகிறவர்கள் பட்டியலில் வயல்காரம்மாவின் பெயரும் இருந்தது. "ரெண்டு பேரும் வந்துட்டிய. எனக்கு என்ன வேலை" என்று சொல்லிப் பட்டியல் வைத்திருந்தவரிடம் தன் பெயரை அடித்துவிடச் சொன்னார்.

விளக்கு அணைந்து என் படம் திரையில் வந்தது. மஞ்சளும் பச்சையும் நான் தேர்ந்தெடுத்த நிறங்கள். சிவப்பு போட்டால் ஜனங்கள் பயப்படுவார்கள் என்று வேண்டுமென்றே தவிர்த்திருந்தேன். புகை மேலே எழும்பிச் சுழன்று மெலிந்து காணாமல் போயிற்று. ஆலையின் சார்பில் விளக்கிய அவள் குரல் தெளிவாக, வகுப்பு எடுப்பது மாதிரி இருந்தது. இதே கிராமத்தில் இரண்டு ஆண்டுகள் கம்பம் நட்டு அளந்த அளவுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்ட கணிப்பு இது என்றாள். ஆலையின் புகை குடியிருப்புகளை எட்டுவதற்குள் கலைந்துவிடும் என்றாள். அந்தச் சட்டியில் சாப்பிட்ட வாய் அப்படிச் சொன்னது.

வயல்காரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. "நல்லாத்தான சொல்லுதாவ?" என்று என் காதில் கேட்டார். பிறகு முன்னால் இருந்த ஒருவர் திரும்பி, "ஒங்க டீச்சர் மில்லுக்காரனுக்குல்லா எழுதிக் குடுத்திருக்கா" என்றார். வயல்காரம்மா என்னைப் பார்த்தார்.

நான் எழுந்தேன். அந்த ஆய்வைச் செய்தவள் நான்தான் என்றும், அதில் அதிகாலை நேரம் கிடையாது என்றும், பாய்லரைப் பற்றவைப்பதே அந்த நேரத்தில்தான் என்றும் சொன்னேன். கூட்டத்தை நடத்திய அதிகாரி மரியாதையாகவே கேட்டார்.

"இந்தப் படம் தப்புங்களா, மேடம்?"

"தப்பு இல்லை. முழுசு இல்லை."

"அப்ப காலை நேரத்துக்கான கணிப்பு உங்ககிட்ட இருக்கா?"

"இல்லை."

"ரெண்டு வருஷம் அளந்திருக்கீங்களே. ஏன் இல்லை?"

"அந்த நேரத்து அளவுகளைக் கழிச்சிட்டோம்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி எதையோ குறித்துக்கொண்டார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். வந்தவர் சாலை வசதி கேட்டார்.

மண்டபத்துக்குப் பக்கவாட்டில் அவளுக்காகக் கார் நின்றது. கதவைத் திறக்குமுன் பிடித்துவிட்டேன்.

"நான் ஒரு வரி பொய் சொன்னேனா? காட்டு" என்றாள்.

"அடிக்குறிப்பு எங்கட்டி?"

"இந்த மாதிரி அறிக்கையில அடிக்குறிப்பு போட மாட்டாவ."

"அங்க பொகை படுத்துக் கெடக்கும்னு என்னைவிட ஒனக்குத் தெரியும். நீதான கேட்ட, பிசானத்துல என்ன மிஞ்சும்னு."

"கேட்டேன். நீதான கழிவுன்னு போடச் சொன்ன." அவள் குரல் உயரவில்லை. "ஒனக்குப் பட்டம் வேணும், தூக்குன. எனக்கு இந்த வேலை வேணும். இன்னைக்கு மட்டும் என்ன புதுசா?"

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. நான் செய்தது சோம்பல், அவசரம், தொழில் வழக்கத்தின் பின்னால் ஒளிந்துகொண்டது. அவள் செய்தது தெரிந்தே செய்தது. இரண்டும் ஒன்றல்ல என்று இப்போதும் அடித்துச் சொல்லுவேன். ஆனால் அன்று கார்க் கதவை விட்டு விலகி வழிவிட்டேன். அவள் கிளம்பிப் போனாள். அவள் எண்ணை அன்றே அழித்தேன். மனப்பாடமாகத் தெரிந்த எண்ணை அழித்து என்ன பயன் என்பது வேறு விஷயம்.

கழிவு என்று போட்டதை நாங்கள் அழிப்பதில்லை, தனிக் கோப்பில் தள்ளி வைப்போம். அந்தக் கோப்பைத் திறந்தேன். மார்கழிக் காலைகள் எல்லாம் தேதி தேதியாக உள்ளே இருந்தன. அதில் ஒரே ஒரு காலையை எடுத்து, பெட்டிகளைப் பொடியாக நறுக்கி, கல்லூரிக் கணினிகளை விடுமுறை முழுவதும் கெஞ்சி வாங்கி ஓட்டினேன். இந்தத் தடவை சிவப்பு நிறம் வைத்தேன். படம் வந்தபோது பார்க்கவே பிடிக்கவில்லை. கூண்டிலிருந்து வந்த புகை கொஞ்சம் எழும்பி, மேலே போக வழியில்லாமல், பாயை விரித்தாற்போலப் பரவிக் கால்வாயைத் தாண்டியது. வெயில் ஏறித் தரை சூடாகி, மேல் காற்று கீழே இறங்கிக் கலக்கும்போது அத்தனையும் வீடுகளின் வாசலுக்கு வந்து சேர்ந்தது. அதன்பிறகுதான் கலைந்தது.

படத்தையும் ஒரு மனுவையும் அதிகாரிக்கு அனுப்பினேன். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. அதற்கு முன்பே அனுமதி கொடுத்து முடிந்திருந்தது.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வயல்காரம்மாவைப் பார்க்கப் போனேன். கூட்டத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை, நானும் போன் செய்யத் துணியவில்லை. கால்வாய்க்கு அந்தப் பக்கம் அஸ்திவாரம் முடிந்து புகைக்கூண்டுக்குச் சாரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையைக் கழுவி வந்தார். "வாங்க டீச்சர்" என்றார். குரலில் குறை எதுவும் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கட்டிலில் கணினியை வைத்துப் படத்தை ஓட்டினேன். குனிந்து பார்த்தார்.

"இந்தச் செவப்பு என்னது?"

"பொகை."

"இது எங்க வீடா?"

"ஆமா. அதிகாலையில இப்படித்தான் வரும். இப்பதான் ஓட்டிப் பாத்தேன். மேல எழுதியிருக்கேன். விடமாட்டேன்."

அவர் படம் முடியும்வரை பார்த்தார். மறுபடியும் ஓட்டவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

"இது எனக்குத் தெரியுமே டீச்சர்" என்றார். "மார்கழில வெந்நி போட அடுப்பு பத்த வச்சா, பொகை வாசலத் தாண்டாது. வாழை இலைக்கு அடியில கெடையாக் கெடக்கும். வெயிலு வந்தாத்தான் எந்திரிக்கும். அந்த நேரம் நான் வெளியவே வரமாட்டேன், நெஞ்சு அடைக்கும்."

எனக்குத் தாங்கவில்லை. கோபமாகவே கேட்டுவிட்டேன். "இத ஏன் ரெண்டு வருசமா எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க கேக்கலியே. கம்பம் நட்டு, விடிய விடிய மிசினு வச்சு அளந்தவங்க நீங்க. ஒங்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நான் எப்படி நெனப்பேன்?" மருந்துக் குப்பியை எடுத்து ஒரு முறை உறிஞ்சிவிட்டு, மூச்சு நிதானப்பட்டதும் சொன்னார். "அன்னைக்கு மண்டபத்துல நான் எந்திரிச்சா இதைத்தான் சொல்லணும்னு இருந்தேன். நாலு வார்த்த. நீங்க வந்திருக்கியன்னுதான் பேர அடிக்கச் சொன்னேன்."